சின்ன டிராக்டருக்குப் பின்பக்க ஹைட்ராலிக் கன்ட்ரோல் தேவையா? எத்தனை முறை இறங்குகிறீர்கள் என்று முதலில் எண்ணுங்கள்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இது. 28 குதிரைத்திறன் சின்ன டிராக்டர் வைத்திருக்கிறீர்கள். முன்னால் மண் அள்ளித் தூக்கும் லோடர் உண்டு. பின்னால் கருவியை மூன்று இடத்தில் பிடித்துத் தூக்கும் த்ரீ பாயின்ட் லிஃப்ட் தவிர ஹைட்ராலிக் இணைப்பு எதுவும் இல்லை. பாக்ஸ் பிளேடு (மண்ணை வெட்டிப் பரப்பும் பெட்டி வடிவக் கருவி) போட்டு மண்பாதை சரிசெய்கிறீர்கள், தொட்டியைத் தூக்கிக் கொட்டும் டிப்பிங் டிரெய்லர் ஒன்று வாங்கும் யோசனை இருக்கிறது, ஹைட்ராலிக் மோட்டாரில் ஓடும் புதர்வெட்டி ஒன்றின் மேலும் கண் விழுந்திருக்கிறது. பின்பக்கக் கருவிகளுக்கு எண்ணெயைத் திறந்துவிடும் ரிமோட் வால்வு போடலாமா, போட்டால் எத்தனை, நானே மாட்டிக்கொள்ளலாமா என்று கேட்கிறீர்கள்.

பிளேடுக்கும் டிரெய்லருக்கும் போடுங்கள், புதர்வெட்டிக்காகப் போடாதீர்கள். போடுவதென்றால் ஒரு ஜோடி ஹோஸ் இணைப்போடு நிறுத்தாதீர்கள். என் பதில் அவ்வளவுதான், ஆனால் காரணம் தெரியாமல் இதைக் கேட்டுக்கொண்டு போய் வால்வு வாங்கினால் தப்பான வால்வோடுதான் திரும்பி வருவீர்கள். அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

இப்போதிருக்கும் லிஃப்ட் என்ன செய்கிறது? பெரும்பாலான சின்ன டிராக்டர்களில் அது தூக்குவதற்கு மட்டும்தான் எண்ணெயைப் பயன்படுத்துகிறது. இறங்குவது கருவியின் சொந்த எடையில். ஹாரி ஃபெர்குசனின் லிஃப்டோடு 1939-இல் ஃபோர்டு 9என் வந்த காலத்து ஏற்பாடு இன்னும் அடிப்படையில் மாறவில்லை. மேலே தூக்கும், கீழே விடும், நடுவில் ஓர் உயரத்தில் நிறுத்தும். கருவியை முன்பின்னாகச் சாய்க்க வேண்டுமென்றால் டாப் லிங்க்கை, அதாவது கருவியின் மேல்பக்கத்தை டிராக்டரோடு இணைக்கும் நீளம் மாற்றக்கூடிய கம்பியை, கையால் திருக வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் தாழ்த்த வேண்டுமென்றால் கீழ்க்கையைத் தாங்கும் தூக்குக்கம்பியைத் திருக வேண்டும். இரண்டுக்கும் இருக்கையை விட்டு இறங்கித்தான் ஆக வேண்டும்.

ரிமோட் வால்வு உங்களுக்கு எதைத் தருகிறது என்பதை இந்த இடத்திலிருந்து பார்க்க வேண்டும். புதிய சக்தி எதையும் அது தராது. பம்ப் அதேதான், எண்ணெய் அதேதான். இறங்காமல் செய்ய முடியாத சில வேலைகளை உட்கார்ந்தபடி செய்ய வைக்கிறது. ஆகவே முதல் கேள்வி, நீங்கள் எத்தனை முறை இறங்குகிறீர்கள்?

இதை மனக்கணக்காகப் போடாதீர்கள். பிளேடு வேலை செய்யும் ஒருநாள் சட்டைப்பையில் ஒரு துண்டுக் காகிதம் வைத்துக்கொண்டு, சாய்வை மாற்ற இறங்கும் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கோடு போடுங்கள். இன்னொரு வரிசையும் வேண்டும். 'இப்போது டாப் லிங்க்கைக் கொஞ்சம் நீட்டினால் நன்றாக இருக்கும், ஆனால் போகட்டும்' என்று விட்டுவிட்ட தடவைகளுக்கு அங்கே கோடு போடுங்கள். நான் ஒருமுறை அரைநாள் இப்படிக் குறித்தபோது முதல் வரிசையில் நான்கு கோடு, இரண்டாவதில் இருபதுக்கு மேல். இறங்கும் நேரம்தான் நஷ்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில், சோம்பலில் இறங்காமல் விட்டு, அதே பாதையில் மூன்று முறை கூடுதலாக ஓட்டியதுதான் நஷ்டம்.

பாக்ஸ் பிளேடு இதற்கு நல்ல உதாரணம். டாப் லிங்க்கைக் குறுக்கினால் பெட்டி முன்பக்கம் கவிழ்ந்து, பற்களும் முன் வெட்டுத்தகடும் மண்ணைக் கடிக்கும். நீட்டினால் பின்தகடு தரையில் உரசி மண்ணைத் தடவி விடும். ஒரே ஓட்டத்தில் மேடு வந்தால் கடிக்க வேண்டும், பத்தடி தள்ளிப் பள்ளம் வந்தால் பரப்ப வேண்டும். கையால் திருகும் டாப் லிங்க் வைத்துக்கொண்டு இதை யாரும் செய்வதில்லை. நடுவில் ஏதோ ஒரு சாய்வில் வைத்து, கடிக்கவும் கடிக்காமல் பரப்பவும் பரப்பாமல் ஓட்டிக்கொண்டிருப்பார்கள். ஹைட்ராலிக் டாப் லிங்க் போட்டவுடன் அதே பிளேடு வேறு பிளேடு போல நடந்துகொள்ளும். பக்கவாட்டுச் சாய்வுக்கு ஒரு சிலிண்டரும் சேர்த்தால், பாதைக்கு நடுமுதுகு எடுப்பதும் ஓரத்தில் வடிகால் இழுப்பதும் இறங்காமல் நடக்கும்.

இதற்கு நேர்மாறாக, ரோட்டவேட்டர், கொத்துக்கலப்பை, பி.டி.ஓ. எனும் பின்பக்கச் சுழல்தண்டில் ஓடும் புல்வெட்டி, மருந்து தெளிக்கும் கருவி எல்லாம் காலையில் ஒருமுறை சரிசெய்தால் மாலைவரை அப்படியே போகும். உங்கள் வேலை முழுக்க இவைதான் என்றால் நான் ரிமோட் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். அந்தப் பணம் நல்ல டயருக்கோ, பின்பக்க எடைக்கோ போகட்டும். பின்னால் போதிய எடையில்லாத லோடர் டிராக்டர்தான் நான் அதிகம் பார்க்கும் ஆபத்து.

பெரும்பாலும் ரிமோட் இல்லாமல் வேலையே செய்யாத கருவிகளும் உண்டு. வயல் ஓரத்தில் ஒவ்வொரு திருப்பத்திலும் புரட்டிப் போட வேண்டிய மீளும் கலப்பை, டிப்பிங் டிரெய்லர், மரம் பிளக்கும் கருவி, முன்பக்கக் கிராப்பிள் (பற்றிப் பிடிக்கும் இடுக்கி). இவற்றில் ஒன்று கையில் இருந்தாலே கேள்வி முடிந்துவிடும். 'எப்போதாவது வாங்குவேன்' என்பது கணக்கில் சேராது. எப்போதாவது வாங்கப்போகும் கருவிகளுக்காகப் போட்ட வால்வுகளில் குளவி கூடு கட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

சரி, புதர்வெட்டிக்கு ஏன் வேண்டாம் என்றேன்? ஒரு சின்னக் கணக்கு. ஹைட்ராலிக்கில் கிடைக்கும் சக்தியை அறிய, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்பதை அழுத்தத்தின் பார் எண்ணால் பெருக்கி 600-ஆல் வகுத்தால் கிலோவாட் வரும். கருவிகளுக்கு நிமிடத்துக்கு 24 லிட்டர், 150 பார் என்று வைத்துக்கொள்வோம். 24 × 150 ÷ 600 = 6 கிலோவாட். அதாவது சுமார் 8 குதிரைத்திறன், அதிலும் மோட்டாரில் போகும் இழப்பைக் கழிக்கவில்லை. அதே டிராக்டரின் பி.டி.ஓ. தண்டில் இருபதுக்கு மேல் குதிரைத்திறன் சும்மா இருக்கிறது. ஹைட்ராலிக் மோட்டாரில் சுழலும் புதர்வெட்டிகள் பெரும்பாலும் ஸ்கிட் ஸ்டியர் எனும் சின்ன லோடர் வண்டிகளுக்காகச் செய்யப்பட்டவை. நிமிடத்துக்கு 60 லிட்டரும் அதற்கு மேலும் கேட்பவை. உங்கள் டிராக்டரில் அதை மாட்டினால் கத்தி சுற்றும், புல்லைக்கூட வெட்டும். முதல் தடித்த புதரில் நின்றுவிடும். சுழலும் வேலைக்கெல்லாம் பி.டி.ஓ.வைப் பயன்படுத்துங்கள்.

ஆனால் சிலிண்டர் வேறு கதை. 50 மி.மீ. உள்விட்டமுள்ள சிலிண்டரின் பரப்பு 19.6 சதுர செ.மீ. 150 பாரில் அது ஏறத்தாழ 3 டன் தள்ளும். 200 மி.மீ. நீள ஓட்டத்துக்கு வேண்டிய எண்ணெய் 0.4 லிட்டர்கூட இல்லை, நிமிடத்துக்கு 24 லிட்டர் பம்ப் அதை ஒரு நொடியில் நிரப்பிவிடும். டாப் லிங்க்குக்கு இது அதிவேகம். லீவரைத் தொட்டதும் பிளேடு குதிக்கும். அதனால்தான் இத்தகைய சிறிய சிலிண்டர்களின் வாயில் சின்னத் துளையுள்ள ரெஸ்ட்ரிக்டர் ஒன்றைப் போடுகிறார்கள். மரம் பிளக்கும் கருவியில் 100 மி.மீ. விட்டம், 600 மி.மீ. ஓட்டம் என்றால் 4.7 லிட்டர் வேண்டும், ஒரு தள்ளலுக்கு 12 நொடி. விசை 12 டன். மெதுவாக இருக்கும், ஆனால் பிளக்கும். சின்னப் பம்ப் சிலிண்டரின் வேகத்தைத்தான் குறைக்கும், பலத்தைக் குறைக்காது.

இந்த லிட்டர் எண்ணை எங்கே எடுப்பது என்பதில் ஒரு பொறி இருக்கிறது. விற்பனைத் தாளில் மொத்த ஓட்டம் என்று பெரிதாகப் போட்டிருப்பதில் பெரும்பாலும் பவர் ஸ்டியரிங்குக்கான தனிப் பம்பும் சேர்ந்திருக்கும். அது உங்கள் கருவிக்கு ஒரு சொட்டும் வராது. கருவிகளுக்கான பம்ப் ஓட்டத்தைத் தனியாகப் பாருங்கள். அதுவும் முழு எஞ்சின் வேகத்தில் உள்ள எண். எஞ்சினைத் தாழ்த்தி ஓட்டினால் ஓட்டமும் அதே விகிதத்தில் தாழும்.

அடுத்து எண்ணெயின் பாதை. பலர் லீவரைப் பற்றியே யோசித்து, பாதையைக் கோட்டை விட்டுவிடுகிறார்கள்.

சின்ன டிராக்டர்களில் பெரும்பாலும் இருப்பது ஓப்பன் சென்டர் முறை. எஞ்சின் ஓடும்வரை கியர் பம்ப் எண்ணெயைத் தள்ளிக்கொண்டே இருக்கும். யாரும் எந்த லீவரையும் தொடாதபோது அந்த எண்ணெய் ஒவ்வொரு வால்வின் நடுவழியாகவும் புகுந்து வெளியேறி மறுபடி டேங்குக்கே போய்விடும். டேங்க் என்றால் தனிப் பெட்டி இல்லை, பெரும்பாலும் கியர்பாக்ஸ் கூடுதான். ஒரே வாய்க்காலில் வரிசையாக மடைகள் வைத்தது போலத்தான் இதுவும். தலைமடைக்காரர் முழுக்கத் திறந்தால் கடைமடைக்குத் தண்ணீர் வராது.

உங்கள் டிராக்டரில் இப்போது தலைமடை லோடர் வால்வு, கடைமடை த்ரீ பாயின்ட் லிஃப்ட். புதிய ரிமோட் வால்வு இரண்டுக்கும் நடுவில் வர வேண்டும். லிஃப்டின் கழிவு எண்ணெய் நேராகக் கூட்டுக்குள் விழுவதால் அதற்குப் பின்னால் வேறெதையும் வைக்க முடியாது. இந்த வரிசையின் விளைவை இப்போதே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். ரிமோட் லீவரை முழுக்கத் தள்ளிப் பிடித்திருக்கும் நேரத்தில் லிஃப்ட் தூக்காது. 'ரிமோட் போட்டதிலிருந்து லிஃப்ட் மக்கர் பண்ணுகிறது' என்று வருகிறவர்களில் பாதிப்பேருக்கு, லீவர் சரியாக நடுநிலைக்குத் திரும்பாமல் ஒரு மயிரிழை தள்ளி நிற்பதுதான் காரணம்.

லோடர் வால்விலிருந்து எண்ணெயை அடுத்த வால்வுக்கு அழுத்தத்தோடு அனுப்பத் தனி வாய் ஒன்று வேண்டும். அதற்குப் பவர் பியாண்ட் என்று பெயர். அந்த வசதியுள்ள வால்வில் பம்பிலிருந்து வரும் வாய், டேங்குக்குப் போகும் வாய், பவர் பியாண்ட் வாய் என மூன்று இருக்கும். டேங்க் வாயும் பவர் பியாண்ட் வாயும் பார்க்க ஒன்றுபோலத் தெரியலாம். பவர் பியாண்ட் வசதி இல்லாத வால்வில் லீவர் சும்மா இருக்கும்போது டேங்க் வாய் வழியாகவே எண்ணெய் ஓடும், அதனால் 'இதிலிருந்தே அடுத்த வால்வுக்கு எடுத்தால் என்ன' என்று தோன்றும். எடுக்கக் கூடாது. பல வால்வுகளில் டேங்க் பக்க அறை முழு அழுத்தத்தைத் தாங்கச் செய்யப்பட்டதில்லை. என் முதல் டிராக்டரில் மாட்டிக்கொடுத்தவர் இதைத்தான் செய்தார். இரண்டு நாள் அழகாக வேலை செய்தது. மூன்றாம் நாள் பின்னால் கனமான கருவியைத் தூக்கியபோது லோடர் வால்வின் ஸ்பூல் (உள்ளே நகர்ந்து எண்ணெயைத் திருப்பும் தண்டு) சீல் பிதுங்கி, என் முழங்கால் முழுக்க எண்ணெய். பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு 'வால்வு பழசு' என்று பதில் வந்தது. சில வால்வுகளில் பவர் பியாண்டுக்கென ஒரு ஸ்லீவ் வாங்கிச் செருக வேண்டும், அதோடு டேங்குக்குத் தனிக் குழாயும் போக வேண்டும். உங்கள் லோடர் வால்வில் அந்த வசதி இருக்கிறதா என்பதுதான் நீங்கள் முதலில் விசாரிக்க வேண்டியது.

இன்னொன்று, பவர் பியாண்ட் குழாய் எந்த நிலையிலும் அடைபடக் கூடாது. பேக்ஹோ (பின்னால் மாட்டும் குழிதோண்டி) போன்ற பெரிய கருவியைக் கழற்றும்போது அதற்கு எண்ணெய் போய்வரும் இரண்டு ஹோஸ்களையும் ஒன்றோடொன்று இணைத்துவிட வேண்டும். இணைக்காமல் எஞ்சினைப் போட்டால் பம்ப் சுவரில் முட்டும். பம்புக்கும் அடைப்புக்கும் நடுவில் ரிலீஃப் வால்வு, அதாவது அழுத்தம் மிஞ்சினால் திறந்து எண்ணெயை வெளியேவிடும் வால்வு, இருந்தால் அது கதறும், இல்லாவிட்டால் பம்போ ஹோஸோ போகும்.

எத்தனை ஜோடி? ஒரு டபுள் ஆக்டிங் சிலிண்டருக்கு, அதாவது எண்ணெயாலேயே நீளவும் எண்ணெயாலேயே சுருங்கவும் வேண்டிய சிலிண்டருக்கு, இரண்டு ஹோஸ், ஒரு ஜோடி கப்ளர் (ஹோஸை மாட்டிக் கழற்றும் இணைப்பு), ஒரு ஸ்பூல். டாப் லிங்க்குக்கு ஒன்று, பக்கச் சாய்வுக்கு ஒன்று, பின்னால் இழுக்கும் கருவிக்கு ஒன்று என்று பார்த்தால் மூன்று. செலவில் பெரும்பங்கு ஸ்பூலுக்குப் போவதில்லை. பவர் பியாண்ட் எடுப்பது, டேங்குக் குழாய், வால்வைத் தாங்கும் இரும்புச் சட்டம், உழைப்பு இவற்றுக்குத்தான் போகிறது. ஒரு ஸ்பூலானாலும் மூன்றானாலும் இவை ஏறத்தாழ ஒரே செலவு. நான் முதலில் ஒன்று போட்டு, ஆறு மாதம் கழித்து அதைக் கழற்றி எறிந்துவிட்டு இரண்டு போட்டவன். உங்களுக்கு என் யோசனை, இரண்டு ஸ்பூல் கட்டாயம், மூன்று கிடைத்தால் இன்னும் நல்லது.

ஸ்பூல்கள் எல்லாம் ஒன்றல்ல. கையை எடுத்ததும் தானே நடுவுக்கு வருவது ஸ்பிரிங் சென்டர் ஸ்பூல். டாப் லிங்க், சாய்வு இரண்டுக்கும் அதுதான் சரி. டிடென்ட் உள்ளது தள்ளிய இடத்திலேயே நிற்கும். தனக்கென்று வால்வு வைத்திருக்கும் மரம் பிளக்கும் கருவிக்குத் தொடர்ந்து எண்ணெய் வேண்டும், அங்கே டிடென்ட் தேவை. ஆனால் டிடென்டில் விட்டு மறந்துபோனால் எண்ணெய் ரிலீஃப் வால்வு வழியே பீறிக்கொண்டிருக்கலாம். நம் கணக்குப்படி 6 கிலோவாட் முழுவதும் சூடாக மாறும். மூன்று மின் கெண்டிகளை ஒரே எண்ணெய்க்குள் வைத்தது போல. எண்ணெய் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் சீல்களுக்கும் எண்ணெய்க்கும் ஆயுள் குறையும், அந்த எண்ணெய்தான் உங்கள் கியர்பாக்ஸுக்கும் எண்ணெய் என்பதை மறக்க வேண்டாம்.

ஃப்ளோட் உள்ள ஸ்பூல் ஒன்றாவது இருக்கட்டும். ஃப்ளோட் நிலையில் சிலிண்டரின் இரண்டு பக்கமும் டேங்கோடு சேர்ந்துவிடும், கருவி தரையின் ஏற்ற இறக்கத்தைத் தானே தொடரும். இது உங்கள் டிரெய்லருக்கும் உதவும். டிப்பிங் டிரெய்லரின் சிலிண்டர் பெரும்பாலும் சிங்கிள் ஆக்டிங், ஒரே ஹோஸ்தான். அதை டபுள் ஆக்டிங் ஸ்பூலில் மாட்டி, இறக்குவதற்காக லீவரை எதிர்ப்பக்கம் தள்ளினால், டிரெய்லர் எண்ணெய் டேங்குக்குப் போகும், அதே நேரம் பம்ப் எண்ணெய் யாரும் மாட்டாத மற்றொரு கப்ளரில் முட்டி ரிலீஃப் வால்வைக் கத்த வைக்கும். ஃப்ளோட்டில் விட்டால் சத்தமில்லாமல் தன் எடையில் இறங்கும். திருகாணி ஒன்றைத் திருப்பி சிங்கிள் ஆக்டிங்காக மாற்றிக்கொள்ளும் ஸ்பூல்களும் உண்டு, அதுவும் போதும்.

டிரெய்லர் வாங்கும்போது இன்னொரு கணக்கையும் யாரும் சொல்லித்தர மாட்டார்கள். சராசரியாக 90 மி.மீ. விட்டமும் ஒரு மீட்டர் ஓட்டமும் உள்ள அடுக்குச் சிலிண்டர் முழுக்க உயர 6 லிட்டருக்கு மேல் எண்ணெய் கேட்கும். உங்கள் கியர்பாக்ஸ் கூட்டில் 20 லிட்டர்தான் இருக்கிறது என்றால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வெளியே போய்விடும். சரிவில் நிற்கும்போது மட்டம் இன்னும் தாழ்ந்து, பம்ப் காற்றை உறிஞ்ச ஆரம்பிக்கும். அப்போது ஒரு ஊளைச் சத்தம் வரும், ஒருமுறை கேட்டால் மறக்காது. வெளிக்கருவிக்கு எவ்வளவு எண்ணெய் கொடுக்கலாம் என்பது டிராக்டர் கையேட்டில் இருந்தால் அதை மீறாதீர்கள். அப்புறம், இரவல் டிரெய்லர்களைப் பற்றி ஒரு வார்த்தை. அதன் சிலிண்டரில் கிடக்கும் எண்ணெய் முதல் இறக்கத்திலேயே உங்கள் கியர்பாக்ஸுக்குள் வந்துவிடும். ஒருமுறை அப்படி வந்தது பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தது, தண்ணீர். முழு எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்றினேன். யாரிடம் வாங்கினேன் என்பதைச் சொல்லாமல் விடுகிறேன், அவர் இன்றும் நண்பர்தான்.

முன்பக்கம் கிராப்பிள் ஆசை இருந்தால் அதற்குப் பின்பக்க ரிமோட்டிலிருந்து நீள ஹோஸ் இழுப்பது ஒரு வழி. பக்கெட் கவிழ்க்கும் எண்ணெயைப் பொத்தான் அழுத்தித் திசைமாற்றும் டைவர்டர் வால்வு இன்னொரு வழி. டைவர்டர் எளிது, ஆனால் பக்கெட்டைச் சாய்த்துக்கொண்டே கிராப்பிளை மூட முடியாது. பெரும்பாலான வேலைக்கு அது பெரிய குறையில்லை.

ரிமோட்டே போடாமல் சமாளிக்கவும் வழிகள் உண்டு. டிரெய்லர் மட்டும்தான் தேவை, அதுவும் வாரத்துக்கு நான்கு நடை என்றால், 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் தனிப் பவர் பேக் உள்ள டிரெய்லர் வாங்கிவிடலாம். அதற்கென்று சொந்த எண்ணெய் இருக்கும், உங்கள் கியர்பாக்ஸ் எண்ணெய் சுத்தமாக இருக்கும். மெதுவாகத்தான் தூக்கும், போகட்டும். மரம் பிளக்க பி.டி.ஓ. தண்டில் மாட்டும் பம்பும் தனி எண்ணெய்த் தொட்டியும் வைப்பார்கள், டிராக்டர் பம்பை விட அதிக ஓட்டம் கிடைக்கும். டாப் லிங்க்குக்கு ராட்செட் பிடியுள்ளது கிடைக்கிறது, திருகுவது சுலபம், ஆனால் இறங்குவது இறங்குவதுதான். உங்களிடம் பிளேடும், டிரெய்லர் வாங்கும் யோசனையும் இருப்பதால் இவற்றைவிட ரிமோட்டே கணக்குக்கு ஒத்துவருகிறது.

கப்ளர் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். விவசாயக் கருவிகளில் அதிகம் பார்ப்பது ஐ.எஸ்.ஓ. 7241-ஏ வகை, அரை அங்குலம். உள்ளே உருண்டையோ கூம்போ வைத்து அடைக்கும் அது, கழற்றும்போது கொஞ்சம் எண்ணெய் சிந்தும். தட்டை முகம் கொண்ட ஐ.எஸ்.ஓ. 16028 வகையைத் துணியால் துடைத்துவிட்டு மாட்டலாம், மண் உள்ளே போவது குறைவு. எதுவானாலும் எல்லாக் கருவிக்கும் ஒரே வகை. கருவியைக் கழற்றும் முன் எஞ்சினை நிறுத்தி, லீவரை இரண்டு பக்கமும் ஆட்டி அழுத்தத்தை விடுவித்துவிடுங்கள். மறந்து, கருவியை வெயிலில் போட்டுவைத்தால் ஹோஸில் அடைபட்ட எண்ணெய் விரிந்து, அடுத்த முறை கப்ளர் உள்ளே போகவே போகாது. சுத்தியலால் தட்டி மாட்டுபவர்களை அந்த நேரத்தில்தான் பார்க்கலாம்.

ஹைட்ராலிக் டாப் லிங்க் வாங்கும்போது பூட்டு வால்வு உள்ளதையே கேளுங்கள். ஸ்பூல் வழியாக எண்ணெய் எப்போதும் சிறிது கசியும். பூட்டு இல்லாவிட்டால் பிளேடின் பாரத்தில் டாப் லிங்க் மெல்ல மெல்ல நகர்ந்து, அரைமணியில் நீங்கள் வைத்த சாய்வு காணாமல் போயிருக்கும். சுருங்கிய நீளம், விரிந்த நீளம் இரண்டையும் உங்கள் பழைய டாப் லிங்க்கோடு அளந்து ஒப்பிடுங்கள். டிராக்டரில் சரியாகப் பொருந்தி, கருவியைத் தூக்கும்போது எங்கோ இடிக்கும் டாப் லிங்க்குகளும் உண்டு.

நானே மாட்டலாமா என்றீர்கள். உங்கள் மாடலுக்கென்று கம்பெனி தரும் கிட் இருந்தால், பொறுமையுள்ளவர் ஒரு நாளில் மாட்டிவிடலாம். குழாய்கள் வளைத்தே வரும், சட்டம் துளைக்குச் சரியாக உட்காரும், வாரண்டி சண்டையும் வராது. பொதுவான வால்வு வாங்கி நீங்களே குழாய் கட்டுவதென்றால் முதல் எதிரி மரைகள். ஒரே அளவாகத் தெரியும் இரண்டு ஃபிட்டிங்கில் ஒன்று பி.எஸ்.பி. மரை, மற்றது என்.பி.டி. மரை, இரண்டும் வெவ்வேறு தரம். இரண்டு சுற்று ஏறும், மூன்றாவதில் இறுகும், 'சரி, பிடித்துக்கொண்டது' என்று நினைப்போம். பிடித்துக்கொள்ளவில்லை, மரை நசுங்கியிருக்கிறது. தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றும் வெள்ளை டேப்பை இங்கே கொண்டுவரவே கூடாது, அதன் துணுக்கு ஸ்பூலில் சிக்கினால் வால்வையே பிரிக்க வேண்டியிருக்கும். டேங்குக்குத் திரும்பும் குழாயை ஒல்லியாகப் போட்டுவிடாதீர்கள், சும்மா சுற்றிவரும் எண்ணெயே அங்கே திணறிச் சூடாகும்.

மாட்டி முடித்ததும், எல்லா லீவரும் நடுவில் இருக்க, எஞ்சினைப் போட்டு தாழ்ந்த வேகத்திலேயே விடுங்கள். ஐந்து நிமிடம் எதையும் தொடாமல் சத்தம் கேளுங்கள். பிறகு ஒவ்வொரு சிலிண்டரையும் கடைசிவரை நீட்டிச் சுருக்கி நான்கைந்து முறை ஓட்டினால் காற்று போய்விடும். எஞ்சினை நிறுத்தி எண்ணெய் மட்டம் பாருங்கள், குறைந்திருக்கும், அதே வகை டிராக்டர் எண்ணெயை ஊற்றுங்கள். கசிவு தேடும்போது கையை வைத்துத் தடவாதீர்கள். 150 பாரில் ஊசிமுனைத் துளையிலிருந்து வரும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஒரு சின்னப் புள்ளிதான் தெரியும், வலிகூடப் பெரிதாக இருக்காது, ஆனால் சில மணி நேரத்துக்குள் அறுவைச் சிகிச்சை செய்யாவிட்டால் விரலையோ கையையோ இழக்க நேரிடும். ஒரு அட்டைத் துண்டைக் குழாய் நெடுக நகர்த்திப் பாருங்கள், நனைந்தால் அங்கே கசிவு. கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். டிரெய்லர் தொட்டியைத் தூக்கி வைத்து அடியில் பார்ப்பதென்றால் இரும்பு முட்டு கொடுத்த பிறகுதான், லீவரை நம்பி அல்ல.

கடைசியாக ஒரு சில்லறை விஷயம். ஒவ்வொரு ஜோடி ஹோஸிலும் ஒரே நிற டேப் ஒட்டி, நீட்டும் பக்கத்துக்கு ஒரு சுற்று, சுருக்கும் பக்கத்துக்கு இரண்டு சுற்று என்று வையுங்கள். லீவரிலும் அதே நிறம். நான் இதைச் செய்யாமல் விட்ட வருடம் முழுக்க, பிளேடு முன்னால் சாய வேண்டிய நேரத்தில் பக்கவாட்டில் சாய்ந்துகொண்டிருந்தது.